ஒன்றேகால் அடிக் கண்ணாடி

கத்தோலிக்க ஆயர் இல்லத்துச் சுவர்கள் கண்ணாடியாக மாறத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. அன்று வெயில் சுமார். வெங்காயம் முந்தின வாரத்தைவிடக் கொஞ்சம் மலிவு. சிறார் பாதுகாப்புப் பணிக்குழு அலுவலகத்தின் கதவில் தச்சர் ஒன்றேகால் அடிக் கண்ணாடியைப் பொருத்திக் கடைசி ஸ்குரூவை முடுக்கியதும், அதைச் சுற்றியிருந்த தேக்கு தெளிய ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் கதவு முழுதும் கண்ணாடி, மறுநாள் நிலை, அதன்பின் சுவர், நாளுக்கு ஒரு முழம் வீதம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதற்கும் ஓய்வு.

அந்த அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டவர் ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியர். எல்லோருக்கும் நர்சம்மா. பிள்ளைகளோடு பெரியவர்கள் பேசுகிற அறை எதுவானாலும் வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரிய வேண்டும் என்று விதி எழுதியவர் அவர்தான். ஐந்து சாமியார்களும் ஒரு வக்கீலும் சேர்ந்த குழு அந்த விதியை ஏழு மாதம் விவாதித்தது. கண்ணாடி இருக்கட்டும், ஆனால் உள்ளே தெரியாத கண்ணாடியாக இருக்கட்டும் என்றார் வக்கீல். முப்பது வருஷம் பெரிய டாக்டர்களையே மேய்த்த நர்சம்மா, எட்டாவது கூட்டத்துக்குத் தச்சரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆனால் அவர் அந்த வேலைக்கு வந்தது கண்ணாடிக்காக அல்ல, ஒரு கடிதத்துக்காக. முப்பத்துநான்கு வருஷம் முன்பு, பதினான்கு வயதில், அவருடைய தங்கை தனக்கு ஊர்த் தேவாலயத்துப் பங்குச்சாமியார் இழைத்த கொடுமையை எழுதி ஆயர் இல்லத்துக்குத் தபாலில் போட்டாள். கிணற்றில் போட்ட கல். போய்க் கேட்டதற்கு அப்படியொரு கடிதமே வரவில்லை என்றார்கள். வீட்டில் அவர்களை நம்பினார்கள். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த அக்காவும், எழுதியிருந்தால் வந்திருக்குமே என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு தங்கை அவரோடு மழை வருமா, மாத்திரை போட்டாயா என்பதற்கு மேல் பேசியதில்லை. கடிதம் கிடைக்காமல் தங்கை முகத்தில் விழிக்க நர்சம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வருஷத்தில் பதினோரு தடவை ஆயரின் செயலரிடம் ஆவண அறைப் பீரோவைத் திறக்கச் சொன்னார். சாவி தொலைந்து வெகுகாலமாகிறது, உள்ளே பழைய காலண்டர்தான் என்று பதினோரு தடவையும் செயலர் புன்னகை மாறாமல் சொன்னார்.

கண்ணாடி அதுபாட்டுக்குப் பரவியது. செயலர் நாள்தோறும் கதவைச் சாத்திக்கொண்டு செய்த ஒருமணி நேரத் தியானம், நெஞ்சில் ஜெபப்புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்ட தூக்கம் என்று ஊருக்குத் தெரிந்தது. சர்க்கரை வியாதிக்கார ஆயர் அலமாரிக்குப் பின்னால் நின்று கேக் தின்றதும் தெரிந்தது. எதிரிலிருந்த பேருந்து நிறுத்தத்தில் ஜனங்கள் ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள். திரை போட்டார்கள், திரையும் மதியத்துக்குள் கண்ணாடியாகி மடிப்பு மடிப்பாக உடைந்தது. கொத்தனாரை வைத்துப் பூசினார்கள். பூசி மெழுகுவதில் அந்த வீட்டுக்கு அனுபவம் அதிகம்தான், ஆனால் சிமெண்டும் காயக் காயக் கண்ணாடியானது. தச்சரைக் கூப்பிட்டு விசாரித்தபோது, "நான் வச்சது ஒண்ணேகால் அடி. மிச்சத்துக்கு நான் பொறுப்பில்ல," என்று சொல்லிவிட்டுப் போனார். ஆயர் தோட்டத்துக் கொட்டகையில் குளிக்கப் பழகிக்கொண்டார்.

நாற்பத்திரண்டாம் நாள் ஆவண அறைச் சுவர் தெளிந்தது, மறுநாள் பீரோ. உள்ளே காலண்டர் ஒன்றுகூட இல்லை. அதே பங்குச்சாமியாரை மூன்று ஊர்களுக்கு மாற்றிய உத்தரவுகள் இருந்தன, மூன்றிலும் காரணம் உடல்நலம். அந்த மனிதருக்கு எழுபது தாண்டியும் தலைவலிகூட வந்ததில்லை என்பது நர்சம்மாவுக்குத் தெரியும். அவற்றுக்குப் பக்கத்தில், பீரோவின் பக்கவாட்டை ஒட்டி, ஒரு கோடு போட்ட தாள். அதன் மூலையில் 'பெறப்பட்டது' என்று முத்திரை, தேதி, சுருக்கொப்பம். நர்சம்மா கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார், தங்கையின் கையெழுத்து.

செயலர் அந்தக் காலத்தில் அதே வீட்டில் இளம் உதவியாளர். ஒப்பத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "என் கையெழுத்து மாதிரிதான் இருக்கு," என்றார்.

"மாதிரி என்ன மாதிரி, உங்களோடதுதான்," என்றார் ஆயர். "சாவியைக் கொண்டாங்க."

சாவி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. செயலரின் மேசை டிராயர் முந்தின நாளே கண்ணாடியாகியிருந்தது. ஆயர் தானே போலீசுக்குப் போன் செய்தார். அவர்கள் வரும்வரை கடிதத்தை யாரும் தொடக்கூடாது என்று அறைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பழைய சாமியார் கைதானது, செயலர் பதவியிழந்து சாட்சிக்கூண்டில் நின்றது, இன்னும் நான்கு பேர் தங்கள் கடிதங்களைத் தேடி வந்தது, ஆயர் பூசையில் ஒரு சப்பைக்கட்டும் இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னது, இவையெல்லாம் அடுத்த ஒரு வருஷத்துக் கதை. கண்ணாடி, கடிதம் தெரிந்த அன்றோடு சமையலறை ஓரத்தில் நின்றுவிட்டது. வாரம் ஒருமுறை இரண்டு பேர் ஏணி வைத்துத் துடைக்கிறார்கள்.

அன்று நிறுத்தத்துச் செய்தி பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்து, போலீஸ் வருவதற்கு முன்பே தங்கை வந்துவிட்டாள். அவள் பேருந்தில் டிக்கெட் பரிசோதகர்; சீருடையோடு நிறுத்தத்தைக் கடந்தபோது நின்றிருந்த அத்தனை பேரும் பழக்கதோஷத்தில் சட்டைப்பையைத் தடவினார்கள். வீட்டுக்குள் வர மாட்டேன் என்று தலையாட்டினாள். வெளிச்சுவரில் இரண்டு கையையும் குவித்து வைத்து, மூன்று கண்ணாடிகளுக்கு அப்பாலிருந்த தன் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசிவரை படித்தாள். உள்ளேயிருந்து நர்சம்மா அவளைப் பார்த்துப் பேசினார். தங்கை காதைத் தொட்டுக் காட்டி, வெளியே வந்து சொல் என்று சைகை செய்தாள்.

நர்சம்மா வெளியே போனார். வெயிலில் தங்கை எதிரில் நின்றார்.

"நீ எழுதியிருக்கே. நான்தான் உன்னை நம்பல. தப்பு என்னோடது."

தங்கை மூக்கை உறிஞ்சினாள். "நான் நினைச்சதைவிட என் கையெழுத்து நல்லாத்தான் இருந்திருக்கு," என்றாள்.

பஸ் வந்து நின்றது. கண்ணாடி வீட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இடம் பிடிக்கிற அவசரம் அவர்களுக்கு.

"பஸ் சத்தத்துல சரியா கேக்கல," என்றாள் தங்கை, பஸ் வருவதற்கு முன்பே கேட்டிருந்தவள். "இன்னொரு தடவை சொல்லுக்கா."

அக்கா இன்னொரு தடவை சொன்னார்.