சோப்பு அட்டையின் பின்பக்கம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெரியவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால், தெரிந்தவர்கள் வழிமறித்துப் பேச மாட்டார்கள். பேசிப் பிரயோஜனமில்லை, எதுவும் அவள் காதில் ஏறாது. தள்ளுபடிக் கடையில் அட்டை நசுங்கிய சரக்கையெல்லாம் ஒரு தொட்டியில் கொட்டி வைப்பது அன்றைக்குத்தான். சோப்பு, ஷாம்பு, பற்பசை, பவுடர் எல்லாம் பாதி விலைக்குக் கிடக்கும். மற்றவர்கள் விலையைப் பார்ப்பார்கள். இவள் பின்பக்கத்தைப் பார்ப்பாள்.

அவளுக்குத் துணி ஆல்டர் செய்யும் கடையில் வேலை. நூல் பிரிக்க அங்கே வைத்திருக்கும் பூதக்கண்ணாடி சனிக்கிழமைகளில் அவள் கைப்பைக்கு வந்துவிடும். அட்டையின் பின்னால், எறும்பு ஊர்ந்தது போல அச்சடித்திருக்கும் தயாரிப்பாளர் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். பெரிய கம்பெனியின் பெயர் இருந்துவிட்டால் போச்சு, ஓசியில் கொடுத்தாலும் தொட மாட்டாள். கடைக்காரர் அவளுக்கு இன்ஸ்பெக்டர் அம்மா என்று பெயர் வைத்திருந்தார். வேறென்ன பெயர் வைப்பார் பாவம்?

இது கிறுக்கு இல்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் தங்கை சின்னவள் பதினாறு வருஷம் வேலை பார்த்த சோப்புத் தொழிற்சாலையை அந்தப் பெரிய கம்பெனி வாங்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை கேக்கும் காப்பியும் கொடுத்து, இனிமேல் நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை கேட்டுக்குப் பூட்டு. தங்கை தனியாள். அக்கா வீட்டில் வந்து சேர்ந்த அன்றைக்கு அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. பெரியவள் அதைப் பார்த்தாள். அவங்க சாமான் ஒண்ணு இந்த வாசப்படி ஏறக் கூடாது என்று அன்றைக்குச் சொன்னவள், சொன்னபடியே நின்றாள்.

நிற்பது லேசா? உலகத்தில் பாதி டப்பா அவர்களுடையதுதான். கல்யாணமானதிலிருந்து பூசிய பவுடரைப் பெரியவள் விட்டாள். அவள் வீட்டுக்காரர் தனக்குப் பிடித்த ஷேவிங் கிரீமை விட்டார், அதாவது விடவைக்கப்பட்டார். அப்புறம் வாங்கிய ஏதோ ஒன்று முகத்தில் நுரைக்கவே மறுத்தது. அவர் முகவாயில் பிளாஸ்திரியோடு ஆபீஸ் போய்வந்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. மனுஷனுக்குக் கோவில் கட்டலாம்.

சின்னவளோ பார்சல் கட்டும் கிடங்கில் தினக்கூலிக்கு நின்றாள். கூப்பிட்டால் வேலை, இல்லையென்றால் இல்லை. நாள் முழுக்க நின்று முழங்கால் வீங்கிப்போயிருந்தது.

அந்தச் சனிக்கிழமை பெரியவள் திரும்பி வந்தபோது முகமெல்லாம் பல். பையைச் சாப்பாட்டு மேசைமேல் கவிழ்த்தாள். பதினெட்டு சோப்பு! இலைப் படம் போட்ட, யாருக்கும் தெரியாத சின்னக் கம்பெனிச் சோப்பு. பின்பக்கத்தை மூன்று தடவை படித்துப் பார்த்தாளாம், பெயர் சுத்தமாக இருந்ததாம், தொட்டிக்குள் பாதி உடம்பை விட்டு அள்ளிக்கொண்டு வந்தாளாம். வீட்டுக்காரர் ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு, நுரைக்குமா என்று மட்டும் கேட்டார்.

சின்னவள் சிரித்துக்கொண்டே ஒரு சோப்பை எடுத்தாள். பிரிக்கப் போன விரல் அப்படியே நின்றுவிட்டது.

சோப்பு அட்டையின் ஓரத்தில் இரண்டு சின்ன மடிப்புகள் இருக்குமே, அதைத் தொழிற்சாலையில் காது என்பார்கள். எல்லா இடத்திலும் வலது காதை முதலில் மடித்து, இடதை அதன்மேல் படுக்க வைப்பார்கள். சின்னவள் வேலை பார்த்த இடத்தில் மட்டும் தலைகீழ். அங்கே எல்லோருக்கும் மடிக்கச் சொல்லிக்கொடுத்த சூப்பர்வைசர் அம்மாவுக்கு இடது கைப் பழக்கம். அவர் மடித்த மாதிரியே எல்லோரும் மடித்தார்கள். இந்த அட்டையில் இடது காது உள்ளே இருந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் அப்படித்தான்.

அட்டையைத் திருப்பித் தயாரிப்பாளர் பெயரைப் படித்தாள். அவளுக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. அதே பெயர் தலைப்பில் போட்ட கடிதம் ஒன்று ஐந்து நாளாக அவள் தலையணை உறைக்குள் இருந்தது. பழைய ஆட்களைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், திங்கட்கிழமைக்குள் வந்து சேரவும் என்ற கடிதம். பூட்டிய தொழிற்சாலையைத்தான் திறந்திருந்தார்கள். பெயர்தான் வேறு, உள்ளே இருப்பது அதே பெரிய கம்பெனி. உட்கார்ந்து செய்யும் வேலை, மாதச் சம்பளம். சின்னவளுக்கு ஆசையோ ஆசை. ஆனால் தனக்காக நான்கு வருஷம் பவுடர்கூடப் பூசாமல் இருக்கும் அக்காவிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லாமலே திங்கட்கிழமையைத் தாண்டிவிடலாம் என்று எல்லாவற்றையும் மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.

இப்போது முடியவில்லை. உள்ளே போய்க் கடிதத்தை எடுத்துவந்து சோப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். காது விஷயத்தையும் சொன்னாள்.

பெரியவள் கடிதத்தைப் பார்த்தாள், சோப்பைப் பார்த்தாள், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினெட்டு சோப்பைத் தன் கையாலேயே சுமந்து வாசப்படி ஏற்றியிருக்கிறாள்! அவமானத்தில் அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

"திருட்டுப் பசங்க. பேரை மாத்தி என்னையே ஏமாத்திட்டாங்களே," என்றாள்.

சின்னவள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவங்க பண்ணினது தப்புதான்க்கா. இன்னிக்கும் தப்புதான். ஆனா இந்தக் காதை மடிச்சது அவங்க இல்ல. எங்க ஆளுங்க. யாரோ போய்ச் சேர்ந்து, நாங்க மடிக்கிற மாதிரியே மடிச்சிட்டிருக்காங்க."

பெரியவள் சோப்பை எடுத்து அந்த மடிப்பைத் தடவிப் பார்த்தாள். சின்னவள் நிறுத்தவில்லை.

"எனக்காக ஊர்ல ஒருத்தர் கோபப்படலை. நீ ஒருத்திதான் பட்ட. வேலை போன அன்னிக்கு நான் ஒண்ணுமே இல்லைன்னு நெனச்சேன். நீ ஒவ்வொரு வாரமும் லென்ஸை எடுத்துக்கிட்டுக் கிளம்புறப்ப, நானும் ஒரு ஆள்தான்னு தோணும். உனக்கு நான் இதுவரைக்கும் நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லலைக்கா. நீ வேணாம்னு சொன்னா நான் போகலை."

பெரியவள் எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள். சின்னவள் கடிதத்தை மடித்து மறுபடி உறைக்குள் போட்டாள். முடிந்தது கதை என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, அத்தான் வந்து, உங்க அக்கா கோபமாப் போனா கதவை அறைஞ்சிட்டுப் போவா, இன்னிக்கு மெதுவாச் சாத்தினாளே, கவனிச்சியா என்று கேட்டார்.

கால் மணி நேரத்தில் பெரியவள் வந்தாள். போனது தள்ளுபடிக் கடைக்கு அல்ல. தெருமுனையில் இருக்கும், ஒரு பைசா குறைக்காத கடைக்கு. கையில் அவள் முன்னால் பூசிய அதே பவுடரில் ஒன்று, நசுங்காத, ஸ்டிக்கர் ஒட்டாத புது டப்பா. கூடவே வீட்டுக்காரருடைய ஷேவிங் கிரீம். அவர் அதை வாங்கி இரண்டு கன்னத்திலும் ஒற்றிக்கொண்டார்.

"முழு விலை கொடுத்து வாங்கினேன்," என்றாள் பெரியவள், யார் முகத்தையும் பார்க்காமல். "அவங்க உனக்கு முழுச் சம்பளம் கொடுக்கணும்ல. நம்மால கொறைஞ்சதுன்னு இருக்க வேணாம்."

சின்னவள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெரியவளும் அழுதாள். ஆனால் அழுதுகொண்டே கையை நீட்டி, அந்தக் கடுதாசியைக் கொடு என்றாள். விளக்கைப் போட்டு, பூதக்கண்ணாடியை எடுத்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். சம்பளம் எங்கே எழுதியிருக்கிறது, இனி நிறுத்துவதென்றால் எத்தனை மாதம் முன்னால் சொல்வார்கள் என்று எங்கே எழுதியிருக்கிறது, அது இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் வேலையாக அதை எழுதி வாங்கிக்கொள், நானும் கூட வருகிறேன் என்றாள். சின்னவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

படித்து முடித்ததும் பெரியவள் கடிதத்தைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தையும் ஒரு தடவை கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.