மச்சான் என்று எழுதியவர்

சத்தியபாமா உட்காரக் கதிரையைக் காட்டவில்லை. பேராசிரியர் முஹைதீன் எண்பத்து நான்கு வயதில் அக்குறணையிலிருந்து பஸ் பிடித்து, கண்டி நகரின் அந்த மேட்டையும் ஏறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. வாங்கட்டும் என்று விட்டாள்.

சூழலியல் என்ற சொல்லே இங்கு வழங்காத காலத்தில், நக்கிள்ஸ் காட்டில் அட்டைக்கடியோடு அலைந்து, எந்த மரத்தடியில் எந்தக் கன்று முளைக்கிறது, ஏன் சாகிறது என்று பார்த்தவர்கள் அவளுடைய அண்ணன் இராமநாதனும் இவரும். பிறகு ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு நாற்பது வருடம் கடிதம் எழுதினார்கள். அண்ணன் போன வருடம் கண்மூடிய பின், முஹைதீன் எழுதியவை அவளுடைய அலுமாரிக்கு வந்தன. இரண்டு பேருடையதும் சேர்ந்தால்தான் புத்தகம். தான் சாகுமுன் அது வந்துவிட வேண்டும் என்பதே முஹைதீனுக்கு மிஞ்சிய ஒரே ஆசை.

“தரலாம். ஆனா எல்லாம் ‘மச்சான்’ எண்டுதான் தொடங்குது. அண்ணைக்கு ஒரேயொரு தங்கச்சி. அதுவும் கலியாணம் கட்டாதவள். வாசிக்கிற சனம் என்ன நினைக்கும்?”

“பஸ் கொண்டக்டரும் என்னய மச்சான்னுதான் கூப்புடுற, தங்கச்சி. நானா அவன்ட தங்கச்சிய கலியாணம் முடிச்சீக்கிற?”

அவள் சிரிக்கவில்லை. கதிரையைக் காட்டி, கடிதக் கட்டையும் பேனையையும் நீட்டினாள். “அந்தச் சொல்லை வெட்டுங்கோ.”

மத்தியானம் வரை வெட்டினார். அவள் வாங்கிப் பார்த்தாள். மெல்லிய கோட்டின் அடியில் ‘மச்சான்’ பளிச்சென்று தெரிந்தது.

“இதென்ன விளையாட்டு?”

“காட்டுல பழகின பழக்கம். பிழையா எழுதினா ஒத்தக் கோடுதான். அடியில ஈக்கிறது வெளங்கோணும். அழிச்சா பொய்க் கணக்காப் போயிரும். ஒங்கட அண்ணன் போட்ட சட்டம் அது.”

“அப்ப பிழை எண்டு ஒத்துக்கொள்ளுறியள்.”

கிழவர் பேனையைக் கீழே வைத்தார்.

“அழியுங்கோ. இல்லாட்டிப் புத்தகம் இல்லை.”

ஒவ்வொரு சொல்லின் மேலும் மையை அப்பினார். கண் கலங்கி ஒழுகியது. சத்தியபாமா இமைக்காமல் பார்த்திருந்தாள். படுக்கையில் கிடந்த அண்ணனின் மலசலம் அள்ளியவள் அவள். அண்ணனோ கடைசிவரை ‘மச்சான் வந்தானா’ என்றுதான் கேட்டார்.

முடிந்ததும் கடிதங்களை அடுக்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

“தங்கச்சி?”

“அழிச்சாப் பொய்க் கணக்கு எண்டு இப்பதானே சொன்னியள். பொய்யை என்ரை அண்ணையின்ரை பேரிலை அச்சடிக்க விடமாட்டன். போட்டு வாங்கோ.”

வந்தவரை வாசல்வரை போய் வழியனுப்புவது அந்தக் குடும்பத்து வழக்கம். அவள் இருந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை.