துளையில் கொஞ்சம் ஆட்டம்

"இது யாருக்கும் தோன்றக்கூடியதுதான்" என்ற வரியைப் படித்தாலே எனக்குச் சுர்ரென்று ஏறும். காப்புரிமை அலுவலகத்திலிருந்து வரும் மறுப்புகளில் பாதி இந்த வரியில்தான் முடிகின்றன. விடையைப் பார்த்துவிட்டு விடுகதை சுலபம் என்று சொல்ல யாருக்குத்தான் தெரியாது? மற்றவர்களுக்காக வாதாடும்போது அந்தக் கோபத்தை ஃபைலோடு சேர்த்து மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இந்தத் தடவை அதற்கும் வழியில்லை. கண்டுபிடித்தவர் என் மாமியார்.

அத்தை ஃபிட்டர். சொந்தப் பட்டறை. பழைய பம்பு, மோட்டார், அரவை மெஷின் என்று எது வந்தாலும் பிரித்துப் போட்டுச் சரிசெய்வார். அவர் போட்ட துளையில் கம்பியைச் செருகினால் இடையில் ஒரு முடிகூட நுழையாது என்று ஊரே சொல்லும். ஊர் சொல்ல மறந்தால் அவரே சொல்வார். அடக்கம் என்ற குணம் எங்கள் வீட்டில் மாமாவோடு நின்றுவிட்டது.

அவர் கண்டுபிடித்தது பட்டறைச் சாமான்களை மாட்டும் கம்பியும் கிளிப்பும். சுவரில் ஒரு நீளக் கம்பி, அதில் கோத்த கிளிப்புகள், கிளிப்புக்கு ஒரு ஸ்பேனரோ சுத்தியலோ தொங்கும். இந்த அளவுக்கு எல்லாப் பட்டறையிலும் உண்டு. பக்கத்தில் மெஷின் ஓடினால்தான் தொல்லை. சுவர் அதிர்ந்து கிளிப்புகள் மெல்ல நகர்ந்து ஒரு மூலையில் போய் முட்டிக்கொள்ளும். ஸ்பேனரை இழுத்தால் சுத்தியல் காலில் விழும். அதனால் எல்லோரும் திருகு வைத்து இறுக்கினார்கள். இறுக்கினால் நகர்த்துவதற்கு இரண்டு கையும் வேண்டும்.

அத்தை நேர்மாறாகப் போனார். கிளிப்பின் துளையைக் கம்பியைவிடச் சற்றே பெரிதாக, கொஞ்சம் ஆட்டம் விட்டுப் போட்டார். கொக்கியை நடுவில் வைக்காமல் ஒரு பக்கம் தள்ளி வைத்தார். ஸ்பேனரை மாட்டியதும் அதன் கனத்தில் கிளிப் சாய்ந்து, துளையின் விளிம்பு கம்பியைக் கவ்விக்கொள்ளும். கனம் கூடக் கூடப் பிடி கூடும். ஒரு விரலால் தூக்கினால் பிடி விட்டு, சொன்ன இடத்துக்கு வரும். எப்படித் தோன்றியது என்று கேட்டால், "தோணுச்சு" என்பார்.

அத்தையின் விண்ணப்பத்துக்கும் அதே வரியில்தான் மறுப்பு வந்திருந்தது. அது உறுதியானால் இந்தக் கிளிப்பை யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். ஒரு பெரிய கம்பெனி அச்சு வார்த்துவைத்துக் காத்திருப்பதாகவும் கேள்வி. அத்தைக்கு அதைவிட, "இதுல என்ன பெருசா இருக்கு?" என்ற மாதிரி எழுதியிருந்ததுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. எனக்கோ, தோற்றால் அவரோடு ஒரே வண்டியில் ஒரே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இந்தக் கேஸ் உடைந்தால் அது யார் உடைத்த குடம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விசாரணை அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது அவர் பக்கம் குனிந்தேன்.

"அத்தை, உள்ள போனதும் ஒரு வார்த்தை மட்டும் உங்க வாயில வரக் கூடாது."

"என்ன வார்த்தை?"

"சுலபம். ஈஸி. சின்னப் புள்ளைகூட பண்ணிடும். இதுல எதுவுமே வரக் கூடாது."

"கஸ்டமர்கிட்ட அப்படிச் சொல்லித்தானே விக்கறேன்?"

"இவர் கஸ்டமர் இல்லை அத்தை. சுலபம்னு சொன்னா வாங்க மாட்டார், தூக்கிப் போட்டுடுவார்."

"சரி, வாயையே திறக்கலை. போதுமா?" என்று மடியிலிருந்த பையைத் தட்டினார். "இங்க காட்டறதுக்குன்னே புதுசா ஒண்ணு செஞ்சிருக்கேன். பார்த்தா நீயே அசந்துடுவே."

"குடுங்க, ஒரு தடவை மாட்டிப் பார்த்துக்கறேன்."

"உன் கை ரேகை பட்டா பளபளப்பு போயிடும். உள்ள வந்து பாரு."

பிடுங்கியாவது பார்த்திருக்க வேண்டும். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதிகாரி முகத்தில் கடுப்பும் இல்லை, சிரிப்பும் இல்லை. இப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குப் பயம். எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்திருப்பார்கள்.

"கம்பியில ஓடற கிளிப்புக்குப் பழைய பேடண்ட் இருக்கு" என்று ஆரம்பித்தார். "ஒரு பக்கம் தள்ளின கொக்கி, துடைப்பம் மாட்டற ஸ்டாண்டுல இருக்கு. ரெண்டையும் சேர்த்தா உங்களோடது. சரிதானே மேடம்?"

"சேர்த்தா கிளிப் வரும் சார், பிடி வராது. அந்த ரெண்டுலயும் திருகுதான் பிடிக்குது. எங்களோடதுல சாமானோட கனமே பிடிக்குது. துளையில ஆட்டம் விட்டிருக்கறதாலதான் கிளிப் சாயுது. விண்ணப்பத்துல உரிமை கேட்கற ரெண்டாவது கோரிக்கைல அதைத் தெளிவா எழுதியிருக்கோம்."

நன்றாகத்தான் சொன்னேன். அத்தை பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்ததுகூடத் தெரிந்தது. அதிகாரி அதற்குத்தான் காத்திருந்தார் போல.

"தச்சுவேலை பண்றவங்க வச்சிருக்கற கிளாம்ப் பார்த்திருக்கீங்களா? கம்பியில ஒரு தாடை ஓடும். சும்மா தள்ளினா நகரும், பாரம் பட்டா சாய்ஞ்சு கவ்விக்கும். அந்தத் துளையிலயும் ஆட்டம் இருக்கு. எத்தனை காலமா இருக்கு!"

மறுப்பில் இந்தக் கிளாம்ப் இல்லவே இல்லை. மனிதர் யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

"அது பலகையை இறுக்கறதுக்கு சார். இது சாமான் மாட்டறதுக்கு. வேற வேலை."

"வேலை வேற, பட்டறை ஒண்ணுதானே? அந்தக் கிளாம்பே இந்தக் கம்பியிலதான் தொங்கிட்டிருக்கும். துறையில தேர்ந்த ஒருத்தர், தினம் ரெண்டையும் தொடறவர், சேர்த்துப் பார்க்க என்ன தடை?"

அந்தத் 'தேர்ந்த ஒருவர்' சட்டம் உருவாக்கிய கற்பனை மனிதர். தொழிலில் உள்ளதெல்லாம் அவருக்கு அத்துப்படி, ஆனால் சொந்தமாகப் புதிதாக ஒன்றும் தோன்றாது. அவருக்கே தோன்றும் என்றால் காப்புரிமை கிடையாது. இத்தனை வருடத் தொழிலில் நான் அதிகம் சண்டை போட்டது என் கணவரோடு அல்ல, இந்த ஆளோடுதான்.

"தினம் தொட்டும் யாரும் சேர்க்கலையே சார்? அந்தக் கிளாம்பும் மத்த சாமானோட சேர்ந்துதான் காலில விழுந்துச்சு. எடுத்து எடுத்து அதே கம்பியில மாட்டினாங்க. கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சாங்க. அவ்வளவு சுலபமா இருந்தா ஏன் அலையணும்?"

அவர் லேசாகச் சிரித்தார். "நல்ல வாதம். ஆனா யாரும் செய்யலைங்கறதுக்காக யாருக்கும் தோணாதுன்னு ஆயிடாது. ஒருவேளை யாருக்கும் அக்கறை இல்லாம இருந்திருக்கலாம்."

நான் தண்ணீரை எடுத்துக் குடிப்பது போல நேரம் கடத்தினேன். அந்த இடைவெளியில் அத்தை எழுந்துவிட்டார்.

"சார், சும்மா பேசிட்டிருந்தா என்ன ஆகப்போகுது? நான் செஞ்சே காட்டறேன். ரொம்ப சுலபம்!"

தவளை தன் வாயால் கெடும். அதிகாரியின் பேனா காகிதத்தில் ஓடியது. எனக்கு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது.

அத்தை பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இரண்டு சின்னத் தாங்கிகள், கண்ணாடியாய்த் தேய்த்த எஃகுக் கம்பி, தங்கமாய் மின்னும் பித்தளைக் கிளிப். நகைக்கடையில் வைக்கலாம். கிளிப்பைக் கோத்து, ஒரு பெரிய ஸ்பேனரை மாட்டி, "இப்ப பாருங்க, கம்பியை எப்படிச் சாய்ச்சாலும் நகராது" என்று ஒரு முனையைத் தூக்கினார்.

கிளிப் சர்ரென்று ஓட, ஸ்பேனர் மேஜையில் டமாரென்று விழுந்தது. வாசலில் இருந்த காவலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்க" என்று மறுபடி மாட்டினார். மறுபடி சர்ர், டமார். யானைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் அது இந்த மேஜை மேலா சறுக்க வேண்டும்!

அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. கிளிப்பைக் கம்பியில் பிடித்து அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தார். காதருகே கொண்டுபோய் ஆட்டினார். சத்தமே வரவில்லை.

"ஐயோ" என்றார் மெதுவாக. "துளையைச் சரியா போட்டுட்டேன்."

"சரியான்னா?" என் குரல் உயர்ந்துவிட்டது.

"கம்பிக்குப் பொருத்தமா. ஆட்டமே இல்லாம." அவர் என்னைப் பார்க்கவில்லை. "பெரிய ஆபீஸ்ல நாலு பேர் பார்க்கற சாமானாச்சே, நல்லா செய்யணும்னு உக்காந்தேன். கை அங்கதான் போயிருக்கு."

அதிகாரி பேனாவை மூடினார். "ஆட்டம் வேணும்னு கண்டுபிடிச்சதே நீங்கதானே அம்மா?"

"நான்தான் சார். விக்கறதுக்குச் செய்யறப்ப அச்சு இருக்கு, அளவு தானா வந்துரும். இது கையால போட்டது. ஆட்டம் இருந்தா வேலை கெட்டுச்சுன்னு பழகின கை சார் இது. துளையை லொடலொடன்னு விட்டா எங்க தொழில்ல மானமே போயிடும்."

அவர் சொல்லி முடிக்கவில்லை, எனக்குப் பொறி தட்டியது. நான் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"சார், இதை அப்படியே எழுதிக்குங்க! துறையில தேர்ந்த ஒருத்தர்னு கேட்டீங்களே, இதோ நிக்கறாங்க. அவங்களுக்குக் கிளாம்ப் தெரியும், கம்பி தெரியும், இந்தக் கண்டுபிடிப்பே தெரியும். இத்தனையும் தெரிஞ்சும், நல்லா செய்யணும்னு நினைச்ச உடனே கை ஆட்டத்தை எடுத்துடுச்சு. தெரிஞ்சவங்க கையே இந்தப் பக்கம் போனா, தெரியாதவங்க கை எந்தப் பக்கம் போகும்? தொழில் தெரியத் தெரிய இதுல இருந்து விலகித்தான் சார் போவாங்க. நீங்க கேட்ட தடை இதுதான்!"

அதிகாரி கிளிப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இது நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுச் செய்யற நாடகம் இல்லைன்னு நான் எப்படி நம்பறது? அதுவும் போக, ஆட்டம் இருந்தா பிடிக்கும்ங்கறதை நான் இன்னும் பார்க்கலையே?"

அத்தை கைப்பைக்குள் துழாவி ஒரு உருட்டு அரத்தை எடுத்தார். மற்றவர்கள் பையில் சீப்பு இருக்கும், அவர் பையில் அரம். கிளிப்பைக் கைக்குட்டையில் பொதிந்து பிடித்துக்கொண்டு, அரத்தைத் துளைக்குள் விட்டார். விட்டவர் இழுக்காமல் நின்றார்.

"இந்த மாதிரி ஒரு துளை என் ஆயுசுல நாலஞ்சுதான் போட்டிருப்பேன்" என்றார். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு ராவ ஆரம்பித்தார். பித்தளைத் தூள் ஃபைல் மேல் கொட்டியது. அவர் கண்ணில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அதிகாரி துளையைப் பார்க்கவில்லை, அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி நடிக்க யாராலும் முடியாது என்று அப்போதே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கோத்து ஆட்டியபோது கிளிப் லொடலொடவென்றது. அத்தை முகத்தைச் சுளித்தபடி ஸ்பேனரை மாட்டினார்.

கம்பியைச் சாய்த்தார். கிளிப் நகரவில்லை. இன்னும் சாய்த்தார். அசையவே இல்லை. அதிகாரி தானே எழுந்து வந்து கம்பியைப் பிடுங்காத குறையாக வாங்கி, குலுக்கினார். மேஜையைக் குத்தினார். ஸ்பேனர் ஊஞ்சலாடியதே தவிர கிளிப் ஒட்டவைத்தது போல நின்றது. ஒரு விரலால் ஸ்பேனரைத் தூக்கினார், கிளிப் வழுக்கிக்கொண்டு வந்தது. விட்டார், நின்றது.

"அட!" என்றார். மறுபடி தூக்கினார், விட்டார். மறுபடி. விசாரணை நடக்கிறது என்பதே அவருக்கு மறந்துவிட்டது போலிருந்தது.

ஒருவழியாக நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். "வெறும் கம்பியும் கிளிப்பும்னு முதல் கோரிக்கைல அகலமா கேட்டிருக்கீங்க. அதைத் தர முடியாது. துளையில ஆட்டம்ங்கற வரியை ரெண்டாவதுல இருந்து முதலாவதுக்குக் கொண்டு வாங்க. வந்தா, யாருக்கும் தோன்றக்கூடியதுங்கற மறுப்பை நான் விலக்கிக்கறேன்."

"கொண்டு வரோம் சார்! இன்னைக்கே கொண்டு வரோம்!" நான் கத்தியே விட்டேன்.

வெளியே வந்து படியிறங்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அத்தைதான் வாயைத் திறக்காமல் வந்தார். ஜெயித்தது புரியவில்லையோ என்று நான் விளக்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"புரியுது. ஏம்மா, ஆர்டர்னு ஒண்ணு எழுதுவாரே, அதுல நான் துளையைத் தப்பா போட்டதும் வருமா?"

"வரும் அத்தை. ஜெயிச்சதுக்குக் காரணமே அதுதானே?"

"யாரெல்லாம் படிப்பாங்க?"

"யார் வேணா படிக்கலாம். எல்லாரும் பார்க்கற மாதிரி போட்டுடுவாங்க."

"தொழில்ல இருக்கறவங்களுமா?"

"அவங்கதான் முதல்ல படிப்பாங்க."

அவர் படியிலேயே நின்றுவிட்டார். ஒரு துளையைக்கூடப் பிசகிப் போட்டதில்லை என்று பேர் வாங்கியவர். காப்புரிமையே வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பக்கென்றது.

"என்னன்னு எழுதுவார்?" என்றார் கடைசியில்.

"‘துறையில் தேர்ந்தவரான இவர், சிறப்பாகச் செய்ய முனைந்த காரணத்தாலேயே துளையில் ஆட்டமின்றிச் செய்துவிட்டார்’னு வரும்."

"தேர்ந்தவர்னு கட்டாயம் வருமா?"

"வந்தே தீரணும் அத்தை. அந்த வார்த்தை இல்லேன்னா கேஸே நிக்காது. நீங்க தேர்ந்தவர்ங்கறதாலதான் உங்க தப்புக்கு மதிப்பு."

அவர் ‘தேர்ந்தவர்’ என்பதை ஒரு தடவை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னைத் தள்ளிக்கொண்டு கடகடவென்று இறங்கினார். கீழே வாசலில் காவலாளி ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அத்தை நேரே அவர் முன்னால் போய் நின்றார்.

"தம்பி, இன்னைக்கு இங்க காட்டின சாமான்ல நான் ஒரு துளையைத் தப்பா போட்டிருந்தேன். உங்களுக்குத் தெரியுமா?"