இருமிய இசைத்தட்டு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. எரிகிற அடுப்பின் மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்லலாம். அடுப்பு அணைந்திருந்தால் இரண்டு கைகளையும் வைத்துச் சொல்லலாம். எங்கேயும் எதையும் கூட்டவில்லை. கொஞ்சம் குறைத்தது உண்டு, அதுவும் கேட்பவர்கள் நம்ப வேண்டுமே என்பதற்காக.

லிஃப்டுக்காரரிடம் முப்பத்தேழு ஜாஸ் இசைத்தட்டுகள் இருந்தன. வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பழுது பார்த்து அவருக்குப் பெயரே அப்படி ஆகிவிட்டது. முப்பத்தேழில் முப்பத்தாறைத் தேயத் தேயக் கேட்டாயிற்று. மிச்சம் ஒன்று. தவிட்டு நிற அட்டை. அட்டையில் ஒரு காலி நாற்காலி, அதன் மேல் சாய்த்து வைத்த டிரம்பெட். ஐந்து பேர் ஒரு சின்ன அரங்கில் ஆட்கள் முன்னால் வாசித்ததை அப்படியே பதிவு செய்திருந்தார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பத்திரண்டு நிமிடம். அதை வாங்கி இருபத்தாறு வருஷமாகியும் கடைசிப் பாட்டை மட்டும் அவர் கேட்டதில்லை.

காரணம் டெலிபோன். கடைசிப் பாட்டுக்கு முந்தைய பாட்டு முடியும் நேரம் பார்த்து எங்கேயாவது யாராவது லிஃப்டில் மாட்டிக்கொள்வார்கள். ஒரு முறை ஒரு வக்கீலும் அவருக்கு எதிர்க்கட்சி வக்கீலும் ஒன்றாக மாட்டிக்கொண்டார்கள். அவர் போய்க் கதவைத் திறப்பதற்குள் உள்ளேயே வழக்கு முடிந்து தீர்ப்பும் வந்துவிட்டிருந்தது.

“அந்தக் கடைசிப் பாட்டு மேல ஊசியை வச்சுக் கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?” என்று மனைவி ஒரு நாள் கேட்டாள்.

“அதெப்படி? அஞ்சு பேரும் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வர்றாங்க. நான் மட்டும் நேரா மொட்டை மாடியில போய் நிக்கணுமா?”

“லிஃப்டுக்காரர் பேசுற பேச்சா இது!”

ஆனால் அவர் சட்டம் சட்டம்தான். நடுவில் எது குறுக்கிட்டாலும் தட்டைத் திருப்பி, முதல் பக்கத்தின் முதல் பாட்டிலிருந்து மறுபடி தொடங்குவார். இருபத்தாறு வருஷத்தில் முதல் பாட்டை அந்த ஐந்து பேரைவிட அவர் நன்றாகவே அறிந்திருந்தார்.

அப்போதுதான் நோய் வந்தது. கடை, அலுவலகம், பள்ளி எல்லாம் அடைபட்டன. கம்பெனியிலிருந்து, கூப்பிடும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏற ஆளில்லாத லிஃப்டில் மாட்டிக்கொள்ளவும் ஆளில்லை. ஊரே கலங்கிக் கிடக்கும்போது சந்தோஷப்படுவது மரியாதையில்லை என்பதால் லிஃப்டுக்காரர் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு சந்தோஷப்பட்டார்.

வெளியே வந்து பார்த்தால் வீடு நிறைய ஆள்.

வீடு என்றால் ஒரு ஹால், இரண்டு அறை. ஒரு அறையில் மகள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். இப்போது கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் எடுத்தாள். வீட்டில் இருந்த ஒரே ஹெட்ஃபோனை முதல் நாளே எடுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அது அவள் தலையிலேயே வேர் பிடித்துவிட்டது. இன்னொரு அறையில் மனைவி, மோட்டார் வைத்த தையல் மெஷினில் மாஸ்க் தைத்தாள். ஹாலில் மச்சான்.

மச்சான் என்பவர் மனைவியின் அண்ணன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டே நாளில் பல் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறேன் என்று வந்தார். பல் டாக்டர் கிளினிக்கை மூடினார், பஸ்ஸும் நின்றது. மச்சானும் பல்லும் அங்கேயே தங்கிவிட்டார்கள். பகலெல்லாம் டிவியில் செய்தி பார்த்து, பார்த்த செய்தியை டிவியைவிடச் சத்தமாகத் திருப்பிச் சொல்வார். ராத்திரி ஹாலிலேயே படுப்பார். அவர் குறட்டையோடு போட்டி போட, அடிக்குரலில் உறுமுகிற எந்த பாஸ் வாத்தியமும் உலகத்தில் இல்லை.

இசைத்தட்டு ஓடும் பெட்டி இருந்ததும் அதே ஹாலில்தான், டிவியோடு ஒரே பிளக்கைப் பங்குபோட்டுக்கொண்டு.

முதல் நாள் மூன்றாவது பாட்டில் மகள் வந்தாள். “அப்பா, கொஞ்சம் நிறுத்துங்க. பசங்களுக்கு உங்க டிரம்ஸ்தான் கேக்குது.” நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து. மூன்று நாளில் அந்த வகுப்புப் பிள்ளைகள் தனிம அட்டவணையை ஹைட்ரஜனிலிருந்து கால்சியம்வரை தாளம் தப்பாமல், நடுவில் ஒரு சின்ன ஓட்டமும் கொடுத்து ஒப்பித்தார்கள் என்று தலைமையாசிரியை போன் செய்து விசாரித்தார்.

அடுத்து தையல் மெஷின். அது ஓடும் வேகத்துக்கு ஒரு வாரம் ஈடுகொடுத்துப் பார்த்த டிரம்ஸ்காரர், எட்டாம் நாள் தன் தாளத்தை விட்டுவிட்டு மாஸ்க்கின் தாளத்துக்கே போய்விட்டார். நாலு தையல், ஒரு நூல் அறுப்பு. நாலு தையல், ஒரு நூல் அறுப்பு. கூட இருந்த பியானோக்காரர் என்ன செய்வார் பாவம், அவரும் போனார்.

மேல்வீட்டில் ஒருவர் ஓடும் மெஷின் வாங்கிப் போட்டிருந்தார். அவர் ஓடினால் கீழே ஊசி துள்ளும். ஒரு தடவை துள்ளி, டிரம்பெட் ஒரே இழையில் மாட்டிக்கொண்டது. லிஃப்டுக்காரர் கொதித்துப்போய் மேலே சண்டைக்குப் போயிருந்தார். திரும்பி வர ஒரு மணி நேரம். அதுவரை டிரம்பெட்காரர் ஒரே இடத்தை ஊதிக்கொண்டே இருந்திருக்கிறார். அட்டையில் பின்பக்கப் படத்தில் அவர் உதடு வீங்கியிருந்ததை லிஃப்டுக்காரரே பார்த்தார்.

“மாப்ளே, ஒரு சந்தேகம். இவனுங்க வாசிக்கிறானுங்களா, இல்ல வாசிக்கிறதுக்கு முன்னாடி சுதி சேக்குறானுங்களா?” என்பார் மச்சான்.

“மச்சான், அந்த டிவியைக் கொஞ்சம் குறைங்களேன்.”

“குறைச்சா சாவு எண்ணிக்கை குறைஞ்சிடுமா?”

தட்டைத் திருப்பி முதல் பாட்டில் ஊசியை வைத்தார் லிஃப்டுக்காரர். பல்லைக் கடித்த சத்தம் பக்கத்து அறைவரை கேட்டது. தையல் மெஷினில் ஊசி உடைந்துவிட்டதோ என்று மனைவி குனிந்து பார்த்தாள்.

இப்படி ஒரு நாளைக்கு ஒன்பது தடவை, பத்துத் தடவை முதலிலிருந்து தொடங்கியதில்தான் வினை வந்தது. முதல் பக்கத்தில் இரண்டாவது பாட்டு மெதுவான பாட்டு. பியானோ மட்டும் தனியாக வரும் இடத்தில் அரங்கில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் இருமுவார். இரண்டு சின்ன இருமல், ஒரு பெரிய இருமல். இருபத்தாறு வருஷமாக லிஃப்டுக்காரருக்கு அது பாட்டின் ஒரு பகுதி.

எதிர்வீட்டில் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் இருந்தார். மழையளவு குறிக்கும் அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். எதையும் அளவெடுத்து நோட்டில் எழுதாமல் விடமாட்டார். ஒரு நாள் சாயங்காலம் அழைப்பு மணியைக் குடைக் காம்பால் அழுத்திவிட்டுத் தள்ளி நின்றார்.

“உங்க வீட்ல யாருக்கு இருமல்?”

“யாருக்கும் இல்லையே சார்.”

“நேத்து ஒன்பது தடவை. இன்னிக்கு இதுவரைக்கும் ஏழு. ஒரே ஆளோட இருமல். ரெண்டு சின்னது, ஒண்ணு பெரிசு. நோட்ல இருக்கு.”

“அது ரெக்கார்டு சார். கச்சேரி கேக்க வந்த எவனோ ஒருத்தன் இருமினது.”

“வெளியாளையெல்லாம் ஏன் சார் வீட்டுக்குள்ள விடறீங்க?”

“ஐயோ, அவன் இருமினது அறுபது வருஷத்துக்கு முன்னாடி. இப்ப உயிரோட இருக்கானான்னே தெரியாது.”

செயலாளர் மூன்றடி பின்னால் போனார். “அவ்வளவு முத்திப்போச்சா?”

மறுநாள் நர்ஸ் ஒருவர் தலை முதல் கால்வரை மூடிக்கொண்டு வந்து நாலு பேர் மூக்கிலும் குச்சி விட்டார். நாலு பேருக்கும் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் செயலாளர் கணக்கில் புலி. நாலு பேருக்கும் இல்லை, இருமலோ இருக்கிறது. அப்படியானால் மிச்சம் இருப்பது யார்? சங்கத்தின் அவசரக் கூட்டம் படிக்கட்டில் ஆளுக்கொரு படியாக நின்று நடந்தது. தட்டை மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறையில் பதினான்கு நாள் தனிமையில் வைப்பது என்று தீர்மானம்.

லிஃப்டுக்காரர் கத்தினார். “அது பிளாஸ்டிக்குங்க! பிளாஸ்டிக்குக்கு எப்படிங்க காய்ச்சல் வரும்?”

“கத்தாதீங்க, எச்சில் தெறிக்குது,” என்றது மேல்வீட்டுப் படி.

மச்சான் யார் பக்கம் என்று பார்த்தால் கூட்டத்தின் பக்கம். “மாப்ளே, பதினாலு நாள்தானே. டிப்போல பஸ்ஸு நிக்கலையா?” என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அடுப்பங்கரை இடுக்கியோடு வந்துவிட்டார். இடுக்கி பட்டால் கீறல் விழும் என்று லிஃப்டுக்காரர் குறுக்கே விழுந்ததில், கடைசியில் இரண்டு கரண்டி வைத்துத் தோசை மாதிரி தூக்கிப் போனார்கள். மனைவி தன் பங்குக்கு அளவெடுத்து வட்டமாக ஒரு மாஸ்க் தைத்துக் கொடுத்தாள், நடுவில் ஓட்டையோடு.

அந்தப் பதினான்கு நாள் எப்படிப் போனது என்று லிஃப்டுக்காரரைக் கேட்கக் கூடாது. மற்ற முப்பத்தாறு தட்டும் இருந்தன. ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை. வராத பஸ்ஸுக்கு நிற்பவன் காதில் மற்ற பஸ்ஸின் ஹாரன் எப்படி விழுமோ அப்படித்தான் விழுந்தன. தினமும் மாடிப்படியின் கடைசிப் படிவரை போய் மூடிய கதவைப் பார்த்துவிட்டு வருவார். செயலாளர் காலையும் மாலையும் கதவில் காது வைத்து, ‘இருமல் இல்லை’ என்று எழுதிக்கொள்வார்.

ஒன்பதாம் நாள் லிஃப்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. தையல் அறை வாசலில் போய் நின்றார்.

“இந்த வீட்ல எனக்குன்னு ஒரு நாப்பத்திரண்டு நிமிஷம் கிடையாதா?”

மனைவி நூலைக் கடித்து அறுத்தாள். “எனக்குன்னு ரெண்டு நிமிஷம் எங்கயாவது இருந்தா சொல்லுங்க. போய் வாங்கிக்கிறேன்.”

அவர் ஹாலில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து, அவள் தைத்த மாஸ்க்குகளுக்கு நாடா கோத்துக் கொடுத்தார். கோபம் தணியவில்லை. எதன் மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

பதினைந்தாம் நாள் காலை பத்து மணிக்குத் தட்டு இறங்கி வந்தது. ‘மேற்படி தட்டு பதினான்கு நாட்களாக இருமவில்லை’ என்று செயலாளர் கையெழுத்துப் போட்ட தாள் கூடவே வந்தது. லிஃப்டுக்காரர் மாஸ்க்கைக் கழற்றி, மெல்லிய துணியால் துடைத்து, முதல் பாட்டில் ஊசியை வைத்தார். வைத்துவிட்டுத் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார், முதல் அடி எந்தப் பக்கத்திலிருந்து விழும் என்று.

விழவில்லை. தையல் மெஷின் ஒரு மாஸ்க்கைப் பாதியில் விட்டு நின்றிருந்தது. டிவி பேசவில்லை. பேசுவதற்குச் செய்தி கிடைக்காத மச்சான் வாயை மட்டும் திறந்து வைத்திருந்தார். மேல்வீட்டுக்காரர் ஓடவில்லை. மகள் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். அவள் காது எப்படி இருக்கும் என்பதையே எல்லோரும் மறந்திருந்தார்கள். மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

முதல் பக்கம் முடிந்தது. தட்டைத் திருப்பினார். இரண்டாம் பக்கம். மூன்றாவது பாட்டும் முடிந்தது. எந்த டெலிபோனும் அடிக்கவில்லை.

கடைசிப் பாட்டு பாஸில் தொடங்கியது. செருப்பில்லாமல் யாரோ பக்கத்து அறையில் நடப்பது மாதிரி. பியானோ அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. டிரம்பெட் உடனே வரவில்லை. வெகுநேரம் வரவே இல்லை. வந்தபோது சத்தமாகவும் வரவில்லை. சொல்ல வந்ததைப் பாதி சொல்லி, அது போதும் என்று நிறுத்தி, மறுபடி அந்தப் பாதியையே வேறு மாதிரி சொன்னது. ஒன்பது நிமிடம். எல்லோருக்கும் வியர்த்து வழிந்தது; வாசிப்பு அப்படி.

“முடிஞ்சுதா?” என்றாள் மனைவி, ரகசியம் பேசுகிற குரலில்.

“முடிஞ்சுது.”

“நல்லாத்தான் இருந்துச்சு மாப்ளே,” என்றார் மச்சான். அவர் கண்ணைத் துடைத்தாரா கழுத்தைத் துடைத்தாரா என்று சொல்ல முடியாது.

லிஃப்டுக்காரர் ஊசியைத் தூக்கி அதன் தாங்கியில் வைத்தார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

அன்று காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணிவரை, டிரான்ஸ்ஃபார்மர் மாற்றும் வேலைக்காக அந்தத் தெரு முழுக்க மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது.