எழுந்தவன்தான் டீ போடவேண்டும்

பெர்மண்ட்சி வட்டாரத்தில் வில்ஃப் ஹாட்ஜ் என்று பெயரைச் சொன்னாலே சலவைக்கடைக்காரர் முதல் பப் முதலாளிவரை கல்லாவைத் திறந்துவிடுவார்கள். அந்த ஆளைச் சுட்டுவிட்டு அவர் நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதுதான் லென் ப்ளாகெட்டின் ஒரே ஆசை. அடியாளாகச் சேர்ந்து, நாலு பேர் பல்லைக் கழற்றி, தலைவருக்கு அடுத்த இடத்துக்கு வந்துவிட்டான். இனி ஒரே ஒரு குண்டுதான் பாக்கி.

ஞாயிறு மதியம், பழைய கார் உடைக்கும் கொட்டகையின் பின்னறையில் கூட்டம். வில்ஃப், லென், டஸ்டி, சிட், அவ்வளவுதான். லென் கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி எழுந்தான்.

"எந்திரிச்சதுதான் எந்திரிச்ச, அப்படியே டீயப் போட்டுடு லென்னு," என்றான் டஸ்டி, குதிரைப்பந்தயப் பக்கத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"எனக்கு மூணு சக்கரை," என்றான் சிட்.

இந்த ஊரில் கொலைகூடச் செய்யலாம். எழுந்தவன் டீ போடமாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் அப்புறம் எவன் அவனோடு தொழில் செய்வான்? லென் துப்பாக்கியை விட்டுவிட்டுக் கெட்டிலைத் தூக்கினான். அடுத்த ஞாயிறும் அதே கூத்து. அதற்கடுத்த ஞாயிறும்தான். உட்கார்ந்தபடியே சுட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். தலைவரை உட்கார்ந்துகொண்டா சுடுவது? அப்படிப்பட்ட வளர்ப்பில்லை லென்னுடையது.

வில்ஃப் மட்டும் எழுந்ததே கிடையாது. எல்லோருக்கும் முன்னால் வருவார், எல்லோரும் போனபிறகு போவார். அவர் எப்படித் தலைவராகவே நீடிக்கிறார் என்பது டீ கலக்கும்போதுதான் லென்னுக்கு உறைத்தது.

பிறகொரு ஞாயிறு, டிரேயோடு குனிந்தபோது துப்பாக்கி நழுவி பிஸ்கட் தட்டில் விழுந்தது. பதறியதில் டிரே கவிழ்ந்து எல்லா டீயும் கொட்டியது.

"இது யாருக்குடா?" என்றார் வில்ஃப்.

லென் கவிழ்ந்த டிரேயை நிமிர்த்தி வைத்தான்.

"உன்ன ஆளாக்கினவனுக்கேவா?" வில்ஃப் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்தார். குழல் லென்னின் நெற்றியைத் தொட்டது. கதை முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"எந்திரிச்சதுதான் எந்திரிச்சீங்க தலைவரே..." டஸ்டி நனைந்த பேப்பரை உதறிக்கொண்டிருந்தான். "பாவி எல்லாத்தையும் கொட்டிட்டான் பாருங்க."

வில்ஃபின் முகம் சிவந்தது, வெளுத்தது, பிறகு தொங்கிப்போனது.

"சிட்டு, உனக்கு மூணு சக்கரைதானே?" என்று கேட்டார். துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

லென் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். இன்னும் கதகதப்பாக இருந்தது. டிரேயோடு திரும்பிய வில்ஃப் அவனைப் பார்த்தார். பிறகு முதல் கப்பை அவனிடமே நீட்டினார்.

"சக்கரை சரியா இருக்கா, தலைவரே?"

டீ கழுநீர் மாதிரி இருந்தது. "பிரமாதம்," என்றான் லென். பெர்மண்ட்சியே இனி அவனுடையது. சந்தோஷத்தில் கண் கலங்கியது.

சாயங்காலம் அவனுக்கு ஒண்ணுக்கு முட்டிக்கொண்டு வந்தது. கால்மேல் கால் போட்டான். எடுத்தான். மறுபடி போட்டான்.

"ஏம்ப்பா, யாரும் வீட்டுக்குக் கிளம்பலையா?"

"என்ன அவசரம் தலைவரே," என்றார் வில்ஃப்.

காலிக் கப்புகளை மடியில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் லென்னின் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.