வடிகுழாயில் வந்த எதிரி

எங்கள் இணையப் போர் மையத்தைக் கட்ட ராணுவம் கொட்டிய பணத்துக்கு அளவே இல்லை. சுவருக்குள் இரும்புத் தகடு, கதவுக்குக் கதவு கைரேகை, மருந்துக்குக்கூட ஒரு ஜன்னல் கிடையாது. கடல் தாண்டியிருக்கும் எதிரியின் கணினிக்குள் இங்கிருந்தே புகுந்துவிடுவார்களாம். நான் அந்தக் கட்டடத்தின் ஏசி இன்ஜினியர். என்னால்தான் பக்கத்து அறைக்குள் புக முடியாது.

சர்வர் அறைக்குப் போக, நாற்பது பேர் வேலை செய்யும் கூடத்தைத் தாண்ட வேண்டும். அனுமதி அட்டை இல்லாத ஆள் கூடத்தில் கால் வைத்தால் கூரையில் சிவப்பு விளக்கு சுழலும். அது நிற்கும்வரை நாற்பது பேரும் திரையை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அட்டை கேட்டு நான் விண்ணப்பித்து ஒன்றரை வருடமாகிறது.

ஏசியின் தண்ணீர் வெளியேறும் வடிகுழாயில் பாசி பிடிக்கும். மாதம் ஒருமுறை சுத்தம் செய்யப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்காக மையத்தின் தலைவரான கர்னலுக்குப் பதினோரு கடிதம் எழுதினேன். ஊதுகிற சங்கை ஊதுவோம் என்றுதான் எழுதினேன். பதினொன்றுக்கும் ஒரே பதில்: பயிற்சி நடக்கிறது, பிறகு பார்க்கலாம்.

எனக்கும் அதற்குமேல் மல்லுக்கட்டத் தெம்பில்லை. இரண்டு வருடமாக என் கணவரும் ஆறு வயது மகளும் ஊரில், நான் இங்கே விடுதியில். ஒருவழியாக மாற்றல் உத்தரவு தயாராகிவிட்டது. திங்கட்கிழமை கையெழுத்தாக வேண்டும். மகள் காலண்டரில் தினமும் ஒரு கட்டத்தை அழித்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை கூடத்துக்குள் ஒரே களேபரம். சர்வர்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. கர்னல் நடைபாதைக்கு ஓடி வந்தார்.

"எதிரி உள்ள பூந்துட்டான்!"

"எதிரியும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். குழாய் அடைச்சிருக்கும். தண்ணி ரொம்பினா ஏசி தானா நின்னுடும். சூடு தாங்காம மெஷினெல்லாம் அணைஞ்சுடும். பத்து நிமிஷம் என்னை உள்ள விடுங்க."

"நீங்க உள்ள வந்தா திரையை எல்லாம் அணைக்கணுமேம்மா. அப்புறம் யாரு சண்டை போடறது?"

"அதான் எல்லாமே அணைஞ்சு கிடக்கே சார்!"

இது அவருக்கு உறைக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. பிறகு சிவப்பு விளக்கு சுழல, நாற்பது பேர் கறுத்த திரைகளுக்கு முன்னால் கைகட்டி உட்கார, நான் உள்ளே போனேன். குழாயிலிருந்து ஒரு கைப்பிடி பாசியை உருவிப் போட்டேன். ஏசி ஓடியது. சர்வர்களும் எழுந்தன.

சாயங்காலம் கர்னல் ஒரு அறிக்கையை நீட்டினார். 'தாக்குதல் முறியடிக்கப்பட்டது. குளிரூட்டியில் குறை ஏதும் இல்லை.' கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"சார், பாசியை உங்க கண்ணாலயே பாத்தீங்களே?"

"பாத்தேம்மா. ஆனா அதை எழுதினா பராமரிப்புல குறைன்னு ஆயிடும். உங்க பேர்தான் அடிபடும். மாற்றல் நின்னுடும். தாக்குதல்னா நமக்கு ரெண்டாவது கட்டடமே கிடைக்கும்."

"நான் பதினோரு கடிதம் எழுதியிருக்கேன்."

"ரகசியக் கட்டடத்தைப் பத்தின கடிதமாச்சே. ரகசியம்னு முத்திரை குத்தி உள்ள வெச்சாச்சு. இப்ப எனக்கே அதைத் திறக்க அனுமதி இல்ல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தாளைச் சுக்குநூறாகக் கிழித்திருக்க வேண்டும். மகளின் காலண்டர் நினைவுக்கு வந்தது. கையெழுத்துப் போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை பெட்டியோடு வந்து கர்னலின் மேசைக்கு முன்னால் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மேலிடத்துலேர்ந்து உத்தரவு வந்திருக்கும்மா. தாக்குதல் நடந்த அன்னிக்கு உள்ள வந்த வெளியாளுங்க யாரும் விசாரணை முடியற வரைக்கும் இந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது."

"அப்படி எத்தனை பேர் சார்?"

சிவப்பு விளக்கின் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். வியாழக்கிழமைக்கு நேரே ஒரே ஒரு பெயர். என்னுடையது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் என் பேனாவாலேயே செய்திருந்தேன்.

"விசாரணை எப்ப சார் முடியும்?"

"எதிரியைக் கண்டுபிடிச்சதும்."

வாசலுக்கு வந்து, காவலரிடம் ஒப்படைத்திருந்த போனை வாங்கினேன். வீட்டுக்குப் போட்டேன். முதல் மணியிலேயே மகள் எடுத்துவிட்டாள்.

"அம்மா, கட்டமெல்லாம் அழிச்சிட்டேன். கிளம்பிட்டியா?"