எண்பத்தெட்டுக் கட்டை

...இல்லை, தாளம் தப்பவில்லை, தூறல் தகரத்தில் விழுகிற சத்தத்தையும் சேர்த்துக் கேட்டதால்தான் அப்படித் தோன்றியது, யோகேஸ்வரன் கூரைக்கடியில் இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டி நின்று சன்னல் பலகைப் பக்கம் காதை வைத்தான், டொக்... டொக் டொக்... டொக், உள்ளே மனைவி சுலக்ஷனா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பியானோ வாசித்துக்கொண்டிருந்தாள், பாட்டு அவளுக்கு மட்டும்தான், வெளியே நிற்கிறவனுக்குக் கட்டை இறங்கி ஏறுகிற சத்தம் மட்டும். சொந்த வீட்டுக்கு வெளியே இப்படித் திருடன் மாதிரி எதற்கு நிற்கிறோம், கதவைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதானே, நல்ல செய்திதானே கொண்டு வந்திருக்கிறோம், சீசன் முழுக்க நுவரெலியா ஓட்டலில் வேலை, சாயங்காலம் ஆறு மணியிலிருந்து சாப்பாட்டு அறையில் பியானோ, இதைவிட என்ன வேண்டும்... ஆனால் கால் நகரவில்லை. டொக் டொக். இவ்வளவு சீராக எப்படி அமுக்குகிறாள்? அவனுடைய கையில் அந்தக் கட்டைகள் ஒன்று பாதியில் நின்று சத்தமே வராமல் போகும், இல்லையென்றால் ஓங்கி அடித்த மாதிரி கத்தும். அவள் அமுக்கும்போது ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைகள் மாதிரி. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் இரண்டு மணி வரைக்கும் முப்பது குழந்தைகளை மேய்த்துவிட்டு வருகிறாளே, அங்கே பழகிய கையோ என்னவோ.

அந்தப் பியானோப் பெட்டி அவனுடையது. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். கத்தாரில் ஐந்து வருடம், ஓட்டலின் அடித்தளத்தில் படுக்கை விரிப்பு துவைக்கிற வேலை, வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே வரும்போது வரவேற்பு மண்டபத்தில் ஒரு பிலிப்பீன்ஸ்காரர் வாசித்துக்கொண்டிருப்பார், வண்டிச் சக்கரம் சத்தம் போடக்கூடாது என்று அவன் மெதுவாகத் தள்ளுவான், மெதுவாகத் தள்ளினால் இன்னும் கொஞ்சம் கேட்கலாம். தான் ஊரில் பேண்டில் கீபோர்ட் வாசித்தவன் என்று அவரிடம் சொல்வதற்கே ஒரு வருடம் ஆனது. 2004-இல் அவர் ஊருக்குப் போகும்போது அறையில் வைத்திருந்த சொந்தப் பெட்டியை இவனுக்கு விற்றுவிட்டுப் போனார், எண்பத்தெட்டுக் கட்டை, ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே சுத்தியல் மாதிரி பாரம் வைத்தது, நிஜப் பியானோ மாதிரியே விரலை எதிர்த்துத் தள்ளும். கப்பலில் வந்து, வேனில் நானுஓயா வந்து, ரோட்டிலிருந்து எழுபது படி, நாலு பேர் தூக்கினார்கள். யாரோ சவப்பெட்டியா என்று கேட்டதற்கு அவன் சிரித்தான், அன்றைக்கு எதற்கும் சிரிப்பான். பிரித்து மேசையில் வைத்து வயரைச் சொருகினால் சத்தம் வரவில்லை. இந்த மாதிரிப் பெட்டிக்குச் சொந்தமாக ஸ்பீக்கர் கிடையாது, மேடைக்கென்று செய்தது, ஒன்று பேண்டுக்காரர்களின் பெரிய ஸ்பீக்கரில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஹெட்போன். முதல் நாள் ஹெட்போனை மாட்டி வாசித்தவன் அரை மணி நேரத்தில் கழற்றிவிட்டான். பெட்டி மேல் குற்றமில்லை. பதினாலு வயதிலிருந்து லேசான பிளாஸ்டிக் கட்டையில் ஓடிய விரல், தொட்டால் போதும் சத்தம் வரும், கல்யாண வீட்டில் ஆட்டப் பாட்டுக்கு அவனைப்போல ஓட்ட ஹட்டனிலிருந்து வலப்பனை வரைக்கும் ஆள் கிடையாது என்பார்கள், அந்த விரல் இங்கே சேற்றில் கால் வைத்த மாதிரிப் புதைந்தது. பழகினால் வரும் என்றுதான் நினைத்தான். மணிக்கட்டு வலித்தது. பேண்டை நடத்துகிற ஆண்டியப்பன் அண்ணன் இரண்டு கல்யாணம் பார்த்துவிட்டு, தம்பி அந்தப் பழைய கீபோர்டையே கொண்டாந்துருங்க, பாட்டு நடக்குது, ஓட மாட்டேங்குது என்று பக்குவமாகச் சொன்னார். அதற்குப் பிறகு பெட்டி வீட்டிலேயே கிடந்தது, பனிக்கு நனையாமல் கம்பளி போர்த்தி, விருந்தாளி வந்தால் கம்பளியை எடுத்துக் காட்டுவதற்கு.

அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? இவன்தான். இந்தா இதுதான் ச, இதுக்குப் பக்கத்துல ரி, கறுப்புக் கட்டைக்குப் பயப்படாத... அவள் ஒரு விரலால் தடவித் தடவி வாசித்ததைப் பார்க்க ஆசையாக இருந்தது, தோளுக்குப் பின்னால் நின்று கையைப் பிடித்து வைத்தது, அவள் வெட்கப்பட்டது எல்லாம் நிஜம்தான். எப்போது மாறியது? பெட்டியோடு வந்த மிதிகட்டை சிமெண்டுத் தரையில் அவள் மிதிக்கும்போது வழுக்கக் கூடாதென்று அறுந்த செருப்பை வெட்டி அடியில் வைத்தாளே, அன்றைக்கா? ஆறு மாதம் மிதித்து மிதித்து, வழுக்குகிறதே என்று அவனும் சொல்லிக்கொண்டுதான் இருந்தான், அவள் கத்தியை எடுத்து வெட்டிவிட்டாள். செருப்புத் துண்டுக்கா ஒருவனுக்கு வயிறு எரியும்? இன்னொருத்தனோடு சிரித்துப் பேசினாள் என்றால் நாலு பேரிடம் சொல்லலாம், கோபித்துக்கொள்ளலாம். என் பெண்டாட்டி என் பெட்டியை என்னைவிட நன்றாக வாசிக்கிறாள் என்று எவனிடம் போய்ச் சொல்வது, ஆண்டியப்பன் அண்ணன் கேட்டால் கொடுத்துவைத்தவன் என்பார்.

பதினைந்து நாளைக்கு முன்னால் பியானோதான் வேண்டும் என்றதால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டலில் வாசித்துக் காட்டப் போனபோது அவளை அழைத்துப் போயிருக்கவே கூடாது. வயர் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று அவன்தான் கூப்பிட்டான். மூன்று பாட்டு வாசித்தான், மூன்றும் வேகப் பாட்டு, மூன்றிலும் விரல் இடறியது, கேட்டவர்கள் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர்தான், மேனேஜர் உள்ளே போனில் இருந்தார். பிறகு அவன் வேனைப் பின்வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லக் கீழே போனான். திரும்பிப் படியேறும்போது கேட்டது. வயரைக் கழற்றுவதற்கு முன்னால் அவள் உட்கார்ந்துவிட்டிருந்தாள். மார்கழி பஜனையில் பாடுகிற ஒரு மெட்டு, அதை அவ்வளவு மெதுவாக யாரும் பாடமாட்டார்கள், ஒரு சத்தம் அடங்கி முடிகிற நேரத்தில் அடுத்ததை வைத்தாள், அந்தப் பெரிய ஸ்பீக்கரில், அந்தப் பெரிய அறையில். அவன் படியிலேயே நின்றான். அவ்வளவு நாளும் டொக் டொக்கென்று கேட்டது இதுதானா? அழுகை வந்த மாதிரி இருந்தது, அந்த அழுகைக்குள்ளேயே இவள் எங்கேயாவது ஒரு இடத்தில் தப்பாக வைக்கமாட்டாளா என்றும் இருந்தது. அவள் வைக்கவில்லை.

இன்றைக்கு வேலை பார்க்கிற கடையில் லீவு சொல்லிவிட்டு ஓட்டலுக்குப் போனால் மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டார், சிங்களத்தில்தான் பேசினார், உள்ளிருந்தே கேட்டதில் முதலில் வாசித்தது ஏதோ கல்யாண வீடு மாதிரி இருந்ததாம், வேண்டாம் என்று சொல்லிவிடலாமென்றுதான் போனை வைத்தாராம், அதற்குள் கடைசியாக ஒன்று வாசித்தீர்களே, மெதுவாக, அதுதான் வேண்டும், சாப்பிடுகிறவர்களுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். அது நானில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்து மூடுகிற நேரம். சரி சேர் என்றான். நன்றி சேர் என்றான். பஸ் ஏறி உட்கார்ந்ததும் ஒரு சந்தோஷம், குதிரைப் பந்தயத் திடலைத் தாண்டி மூடுபனிக்குள் பஸ் இறங்கும்போது வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டு வந்தான், பக்கத்தில் கரட் மூட்டையோடு இருந்த பெரியவர்கூடத் திரும்பிப் பார்த்தார்...

சத்தம் நின்றுவிட்டது. நாற்காலி நகர்ந்தது. இனி நிற்க முடியாது, அவன் முன்பக்கம் சுற்றி வந்து இப்போதுதான் வந்தவன் மாதிரி காலைத் தட்டிக் கதவைத் தள்ளினான். வந்துட்டீங்களா, நனைஞ்சிட்டீங்களே என்று துண்டை நீட்டினாள், ஹெட்போன் கழுத்தில் கிடந்தது, போன காரியம் என்னவாயிற்று என்று கேட்கமாட்டாள், பார்த்துக்கொண்டே இருப்பாள், அதுதான் அவள் வழக்கம்.

"கெடச்சிருச்சு" என்றான்.

அவள் முகம் மலர்ந்தது, அதில் கள்ளம் எதுவும் இல்லை, எவ்வளவு தேடியும் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். எனக்குத் தெரியும் கெடைக்கும்னு என்று அடுப்புப் பக்கம் போனவள், என்ன பாட்டுங்க அவருக்குப் புடிச்சிச்சு என்று அங்கிருந்தே கேட்டாள். எல்லாந்தான் என்று சொல்லத்தான் வாயெடுத்தான்.

"கடைசியா வாசிச்சது."

கோப்பையில் தேயிலைச் சாயம் ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது. கடைசியாக வாசித்தது யார் என்பது அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் தெரியும். அவன் காத்திருந்தான், ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் வாசிச்சதை நீங்க வாசிச்சதுன்னு சொல்லிட்டு வந்தீங்களா என்று கேட்கட்டும், கேட்டால் சண்டை போடலாம், சண்டை போட்டால் சரியாகிவிடும்... அவள் கோப்பையைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"அது லேசுதாங்க. ஒங்களுக்கு ரெண்டு நாள்ல வந்துரும், நா காட்டித் தர்றேன்."

குடித்தான், நாக்கு சுட்டது. அவள் பெட்டிக்கு முன்னால் போய் நின்று, கம்பளியை மடித்துக்கொண்டு, எதையோ எண்ணுகிற மாதிரி இருந்தாள்.

"பெட்டி தெனமும் போயிட்டுப் போயிட்டு வருமாங்க?"

"இல்ல. சீசன் முடியிற வரைக்கும் அங்கயே இருக்கட்டுங்கிறாங்க. சனிக்கெழம வேன் வருது."

"சரிங்க" என்றாள். இன்றைக்குச் செவ்வாய். அவள் கம்பளியின் ஓரத்தால் கட்டைகளை ஒரு கோடியிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள், பெட்டி அணைந்திருந்ததால் எதுவும் கேட்கவில்லை, பாரக் கட்டைகள் இறங்கி ஏறின, அவள் அவசரப்படவில்லை. யோகேஸ்வரன் கோப்பையைக் கீழே வைக்கவும் மறந்து அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். பஸ்ஸில் வரும்போது அவ்வளவு சந்தோஷமாகப் பாடிக்கொண்டு வந்தோமே, அப்போது கண்ணுக்குள் என்ன ஓடியது, ஓட்டலின் சாப்பாட்டு அறையா, விளக்குகளா, தான் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்ததா... இல்லை. எவ்வளவு யோசித்தாலும் அதில் ஓட்டலே வரவில்லை. இந்த அறைதான் வந்தது, இந்தச் சுவர் ஓரம் வெறுமையாக, மத்தியானம் வேலை முடிந்து வந்து கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நடுவில் நிற்கிற அவள்.

அவள் கடைசிக் கட்டை வரைக்கும் துடைத்துவிட்டு, வாங்க, சூடாறுறதுக்குள்ள குடிச்சிட்டு உக்காருங்க என்று நாற்காலியை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.